ஆமைக் கள்ளன்

ஒஸ்வால்ட் வீட்டில் களவு போயிருந்தது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தால் சீதனம் கைக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

“ஆமையைக் காணேல்ல, நானா!” என்று மதிலுக்கு மேலால் கத்தினார்.

பக்கத்து வீட்டு ஸஹாப்தீன் ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட். பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஆமை வளக்கிறது குத்தமெண்டு தெரியாதா ஒஸ்வால்ட்? அதப் போய் நீங்களே பொலிஸ்காரனுக்கிட்டச் சொல்றீங்களே!”

“ஐயோ, ஆமை வைன் நானா! போத்தல்ல ஆமைப் படம் போட்டது!”

ஒஸ்வால்டின் வைன் பைத்தியம் கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கை முழுக்கத் தெரிந்த கதை. குடிகாரர் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, மனிதருக்குக் கோபம் வந்துவிடும். அவர் ரசிகராம். கிளாஸைச் சுழற்றுவார். மூக்கை உள்ளே விடுவார். கண்ணை மூடிக்கொண்டு, “நாவற்பழம்... பழைய சப்பாத்துத் தோல்... மழை விட்ட தார் றோட்டு...” என்று அடுக்குவார்.

“றோட்டை நக்கிப் பார்த்த ஆள் மாதிரியெல்லோ கதைக்கிறார்!” என்பாள் மனைவி கொன்ஸ்ரன்ஸ்.

அலுமாரிக்குள் பிரெஞ்சு, இத்தாலி என்று பெரிய இடத்துப் போத்தல்கள் வரிசையாக நின்றன. எல்லாம் வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தவை. ஒஸ்வால்ட் தானே தேடிக் கண்டுபிடித்தது மலிவான ஆமைதான். “விலையைப் பார்க்காதேங்கோ. பிரெஞ்சுக்காரன் இதுக்குக் கிட்டவும் வரேலாது” என்று ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டில் கூடும் வைன் வட்டத்தில் அடித்துச் சொல்வார். வட்டம் மரியாதைக்கு ஒரு மிடறு குடித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கும். எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பவன் கொன்ஸ்ரன்ஸின் தம்பி, வெள்ளவத்தை நிரோஷன்.

“அது வினாகிரிக்குத் தங்கச்சி, அத்தான். நான் வாயில வச்சதுமில்ல, வைக்கப்போறதுமில்ல” என்று ஒவ்வொரு முறையும் கிளாஸைக் கையால் மூடிக்கொள்வான்.

ஒஸ்வால்டின் நாக்கை நம்பிய ஓர் ஆத்மா இதுவரை கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டது. ஆனால் ஆள் யார் என்றுதான் தெரியவில்லை.

ஸஹாப்தீன் விசாரணையைத் தொடங்கினார். “வீட்டுல ஒத்தரும் இருக்கலியா?”

“நேற்று பௌர்ணமிப் போயா லீவெல்லோ. மட்டக்குளிக்கு ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போனனாங்கள்.”

“கதவு?”

“உடைக்கேல்ல. கதவைப் பூட்டின திறப்பு பூச்சாடிக்குக் கீழதான் கிடந்தது.”

“நகை? ரீவி?”

“தொடேல்ல.”

“மத்தப் போத்தல்?”

“அப்பிடியே கிடக்கு! அதுதான் நானா விஷயமே! அவ்வளவு பிரெஞ்சும் இத்தாலியும் அடுக்கிக் கிடக்க, ஆமையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். இவன் கள்ளனே இல்ல. மேதை!”

“அப்ப, பொலிசில என்ட்ரி போடுவமா?”

“சேச்சே! ஆளைப் பிடிக்க வேணும். பிடிச்சு, எல்லாருக்கும் முன்னால ஏன் எடுத்தனி எண்டு கேட்க வேணும். பிறகு வட்டத்துக்குத் தலைவராக்கினாலும் சரிதான்.”

ஸஹாப்தீன் தன் சேவைக் காலத்தில் இப்படி ஒரு முறைப்பாட்டுக்காரரைக் கண்டதில்லை. “தெறப்பு எங்க இரிக்கெண்டு தெரிஞ்ச ஆள்தான்” என்றார். “ஒங்கட கூட்டத்துக்குள்ளயே தேடுங்க. ருசி காட்டிக் குடுக்கும்.”

அடுத்த ஞாயிறு பொறி தயாராகிவிட்டது. எல்லாப் போத்தல்களுக்கும் பேப்பர் சுற்றி, எது எதுவென்று தெரியாமல் செய்திருந்தார் ஒஸ்வால்ட். அவற்றுள் ஒன்று புதிதாக வாங்கிய ஆமை. வட்டம் கூடியது. கதவோரம் ஸஹாப்தீன் பிளேன்ரீயோடு உட்கார்ந்தார். கொன்ஸ்ரன்ஸ் கட்லட் தட்டைக் கொண்டுவந்தாள்.

முதற் போத்தல் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதை ஒரு மிடறு விழுங்கிய நிரோஷனின் முகம் மலர்ந்தது.

“ஆ! இது ஆமையெல்லோ!”

கதவோரம் ஸஹாப்தீன் பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“வாயில வெச்சதே இல்லண்டு சொல்ற நீங்க” என்றார் ஸஹாப்தீன் மெதுவாக, “எப்பிடித் தம்பி கண்டுபிடிச்சீங்க?”

நிரோஷனின் முகம் கையிலிருந்த வைனின் நிறத்துக்கு மாறியது.

“எட நாசமாப் போவானே! அக்கா வீட்டிலயா கை வச்சனி?” கொன்ஸ்ரன்ஸ் கட்லட் தட்டோடு பாய்ந்தாள்.

ஒஸ்வால்ட் குறுக்கே விழுந்து தடுத்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. “பேசாதை கொன்ஸி. களவை நான் அப்பவே மன்னிச்சாச்சு.” மைத்துனனின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். “ஒண்டே ஒண்டு சொல்லு ராசா. எல்லாருக்கும் கேட்கச் சொல்லு. பிரெஞ்சு கிடந்தது. இத்தாலி கிடந்தது. அதெல்லாத்தையும் விட்டிட்டு ஏன் ஆமையை எடுத்தனி?”

முதல் தடவையாக வட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் தன் கிளாஸை மரியாதையோடு இன்னொரு தடவை முகர்ந்தும் பார்த்தார்.

நிரோஷன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: “போயா எண்டு வைன் ஸ்டோர்ஸ் எல்லாம் பூட்டு, அத்தான். தொண்டை வறண்டு போச்சு. முதல்ல பிரெஞ்சைத்தான் பிடிச்சனான். கார்க் கழட்டுற சாமானை நீங்கள் பொக்கற்றுக்குள்ள போட்டுக்கொண்டு விருந்துக்குப் போட்டியள். முள்ளுக்கரண்டியால குத்தினன், அசையேல்ல. இத்தாலியையும் குத்திப் பார்த்தன்...”

“அப்ப... ஆமை?” ஒஸ்வால்ட் தோள்களிலிருந்து கைகளை எடுத்தார்.

“அது ஒண்டுதான் அத்தான், சோடாப் போத்தல் மாதிரிக் கையால திருகக் கழண்டது.”