ரெண்டு பர்சன்ட்

"நாற்பத்தஞ்சு லட்சம் வீட்டுக்கு ரெண்டு பர்சன்ட் இன்னா ஆவுது தெரியுமா? தொண்ணூறாயிரம்! நம்மகிட்ட ரெண்டு, விக்கிறவர்கிட்ட ரெண்டு. சும்மா கூட்டினு சுத்தறதுக்கு!"

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் புகழேந்தி பொருமினான்.

"புரோக்கர் முதல் நாளே சொல்லிட்டாரே, ரெண்டு பக்கமும் கமிஷன் உண்டு, பத்திரம் பதிஞ்சப்புறம் குடுத்தா போதும்னு. நாமளும் சரின்னுட்டோமே" என்றாள் மனைவி பாரதி, இடுப்பில் குழந்தையோடு.

"அதை விடு. அந்தச் சின்ன வீட்டை ஏன் வாணாங்கறாரு?"

அது தோல் பதனிடும் ஒரு பழைய டேனரிக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த வீடு. வேறு வீடு பார்க்கப் போகும் வழியில் புகழேந்தி அதைக் காட்டிக் கேட்டிருந்தான். புரோக்கர் சுஹேல் அகமது வண்டியைக்கூட நிறுத்தவில்லை.

"விலைக்குத்தான் இருக்குது சார். முப்பதுக்குள்ள முடியும். ஆனா வாணாம். போர் தண்ணி கெட்டுப்போச்சு. கைக்குழந்தை வெச்சிருக்கீங்க."

புகழேந்திக்கு அது பொறுக்கவில்லை.

"தண்ணியாம் தண்ணி! ஆம்பூர்ல எந்த வீட்டுல கேன் தண்ணி வாங்கல? முப்பதுன்னா அவருக்கு அறுபதாயிரம்தான். நாற்பத்தஞ்சுன்னா தொண்ணூறு. அவ்ளோதான் விஷயம்."

மறுநாள் சுஹேலிடம் நேராகவே கேட்டுவிட்டான்.

"விலை ஜாஸ்தியானா உங்க கமிஷனும் ஜாஸ்தி. அதானே பாய்?"

சுஹேல் சிரித்தார். "ஆமா சார். தொழிலே அதான். இதுல ஒளிக்க இன்னா இருக்குது? ஆனா அந்த வீட்டை உங்களுக்கு நான் முடிச்சுத் தர மாட்டேன்."

"அப்போ ஓனர் நம்பரைக் குடுங்க. நானே பேசிக்கறேன்."

"பேசினாலும் அவர் உங்களுக்கு விக்க மாட்டார் சார்."

அந்த பதில் புகழேந்தியை உசுப்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சுஹேலுக்குச் சொல்லாமல் பாரதியோடு அந்த வீட்டுக்குக் கிளம்பினான்.

"நம்மளை வெயில்ல சுத்திக் காட்டின மனுஷன். தெரிஞ்சா இன்னா நெனைப்பாரு?" என்றாள் பாரதி.

"ஓனரை நேரா புடிச்சா யாருக்கும் பைசா குடுக்க வாணாம். நீ பேசாம வா."

பக்கத்து வீட்டு வாசலில் தண்ணீர் கேனை உள்ளே உருட்டிக்கொண்டிருந்தார் எல்லம்மா. விஷயத்தைச் சொன்னதும், தன் வீட்டு வெளிக்குழாயைத் திறந்துவிட்டார். மங்கலான மஞ்சளில் தண்ணீர் கொட்டியது.

"வாயில வெச்சுப் பாரு தம்பி."

ஒரு சொட்டு நாக்கில் பட்டதும் புகழேந்தி துப்பினான். உப்பும் கசப்புமாக எரிந்தது.

"குடிக்கக் கேன் வாங்கிக்கலாம். குளிக்கக் கேன் வாங்க முடியுமா? இதை ஊத்தினா குழந்தைங்களுக்கு உடம்பெல்லாம் சிவந்து தடிச்சுப் போவுது. எங்களுக்குப் போக்கிடம் இல்ல, இருக்கறோம். நீங்க எதுக்கு வந்து மாட்டறீங்க?"

பாரதி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

புகழேந்திக்குக் கோபம் வந்தது. "இதை மறைச்சு எவன் தலையிலயாவது கட்டலாம்னு பாக்கறாரா அந்த ஓனர்?"

"அய்யோ, அவரைப் போய் அப்படிச் சொல்லாதே! வர்றவங்ககிட்ட எல்லாம் தண்ணி விஷயத்தை அவரே முதல்ல சொல்லிடறாரு. அட்வான்ஸோட வந்தவங்களைக்கூடத் திருப்பி அனுப்பிட்டாரு. அந்த வீட்டு லோனையும் கட்டிக்கினு, பொண்டாட்டி பிள்ளைங்களோட வாடகை வீட்டுல கஷ்டப்படறாரு மனுஷன்."

"யாரும்மா அவரு?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ஊருக்கெல்லாம் வீடு முடிச்சுக் குடுக்கறாரே, புரோக்கர் சுஹேல் பாய்... அவருதான்."