அத்தை சொல்ல வேண்டிய பெயர்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் மாடிவீட்டில் காலை வெயில் தொட்டில்வரை வந்து கிடக்கிறது. குழந்தையின் காதில் பெயர் சொல்ல வேண்டிய அத்தை, பஸ் ரிப்பேராகி ஓசூரில் நிற்பதாக இப்போதுதான் போன் செய்திருக்கிறாள். நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம் இருக்கிறது. "ஐரின் அக்கா, நீங்கதான் அத்தை, வாங்க" என்கிறான் குழந்தையின் அப்பா மணிமாறன். நாற்பத்தாறு வயதில் கீழ்வீட்டு ஐரினை யாரும் அத்தை என்றதில்லை. கொண்டுவந்த கேக்கை யார் கையிலோ கொடுத்துவிட்டுக் குனிகிறாள். யாழ் என்றால் பழைய காலத்து வீணை மாதிரி என்று நேற்றுத்தான் கேட்டு வைத்திருந்தாள். பால் வாசனையடிக்கும் காதில் "யாழினி" என்று மூன்று தடவை சொல்கிறாள். சொன்ன கையோடு, ஞானஸ்நான வீட்டுப் பழக்கத்தில், அவள் கட்டைவிரல் குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டுவிடுகிறது. கூடத்தில் இருப்பவர்கள் அவள் விரலையே பார்க்கிறார்கள். "ஸாரி மணி, கை தன்னால போயிடிச்சு" என்று விரலை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்கிறாள். மணிமாறனின் பெரியப்பா பஞ்சாங்கத்தை மூடுகிறார். "பொட்டு வெச்சதாப் போச்சு, விடும்மா. அத்தைக்கு எடுத்த புடவை எங்கப்பா?" அதுவரை ஆன்ட்டி என்றே கூப்பிட்டுவந்த குழந்தையின் அம்மா தேன்மொழி, தாம்பாளத்தை நீட்டிச் சிரிக்கிறாள். "கட்டிக்கிட்டு வாங்க அண்ணி. அப்புறம்தான் எல்லாருக்கும் இலை போடணும்."