மாப்பிள்ளை இல்லாத கல்யாண வீடியோ

"மாப்பிள்ளை எங்கெங்க வர்றாரோ, அங்கெல்லாம் வெட்டிடுங்க அக்கா."

ஸ்டூடியோக்காரி டிவிடி உறையில் இருந்த படத்தைப் பார்த்தாள். எதிரே நிற்கும் இதே பெண்தான் மணப்பெண். பக்கத்தில் வாயெல்லாம் பல்லாக ஒருத்தன்.

"இது உன் கல்யாணம்தானே?"

"ஆமா."

"மாப்பிள்ளையை எடுத்துட்டா நாற்காலிதாம்மா மிஞ்சும்."

அவள் சிரிக்கவில்லை.

"என் மாமியார் வர்ற இடமெல்லாம் இருக்கட்டும். அவர் மட்டும் வேண்டாம். குரல்கூட வேண்டாம்."

புருஷன் வேண்டாமாம், மாமியார் வேண்டுமாம். வீடு மாமியார் பேரில் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள் ஸ்டூடியோக்காரி.

"டிவிடியை அப்படியே வெட்ட முடியாது. கம்ப்யூட்டர்ல ஏத்தி, வெட்டுற மாதிரி ஃபைலா மாத்தணும். நாளைக்குச் சாயங்காலம் வா. ஏம்மா, சண்டையா?"

"சொன்னா நீளும் அக்கா."

டிவிடியில் ஏகப்பட்ட கீறல். மூன்று தடவை பாதியில் நின்று, நாலாவது தடவைதான் முழுசாக மாறியது. வெட்ட உட்கார்ந்தாள். அந்தப் பையன் அம்மாவை விட்டு நகரவே இல்லை. நாற்காலி இழுத்துப் போடுகிறான். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான். ஓர் இடத்தில் கைக்குட்டையால் அம்மாவின் நெற்றியைத் துடைத்துவிட்டு, "கேமராவைப் பாரும்மா" என்கிறான்.

"இப்படிப்பட்ட பிள்ளையைத் தூக்கி எறிய இவளுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"சொன்னதைச் செஞ்சு கொடு. நமக்கெதுக்கு ஊர் வம்பு?" என்றான் பக்கத்தில் இருந்த ஸ்டூடியோக்காரியின் புருஷன்.

"யாராவது உறைக்கிற மாதிரி செஞ்சாத்தான் இதுங்களுக்குப் புத்தி வரும்."

எல்லாவற்றையும் வெட்டினாள். கடைசியில் அந்தக் கைக்குட்டைக் காட்சியை மட்டும் குரலோடு ஒட்டிவைத்தாள். பார்க்கட்டும், பார்த்துக் கொஞ்சம் வெட்கப்படட்டும்.

வீடியோவைப் பென் டிரைவில் வாங்கிப்போன மூன்றாம் நாள் அந்தப் பெண் திரும்பி வந்தாள். கண் வீங்கியிருந்தது. பென் டிரைவை மேசையில் வைத்தாள்.

"கடைசியில ஒரு இடம் விட்டுப்போச்சு அக்கா."

"விட்டுப்போகல. நான்தான் வச்சேன். ஆயிரம் மனஸ்தாபம் இருக்கட்டும். கட்டினவனை இப்படியா அழிக்கிறது?"

"அவர் தவறிப்போய் ரெண்டு வருஷமாச்சு."

பென் டிரைவை எடுக்க நீட்டிய கையை ஸ்டூடியோக்காரி இழுத்துக்கொண்டாள்.

"அத்தைக்கு இப்ப எதுவும் ஞாபகத்துல நிக்கிறதில்ல. இந்த வீடியோ ஓடினாத்தான் ரெண்டு வாய் சாப்பிடுவாங்க. ஆனா அவர் முகத்தைப் பார்த்துட்டா, எங்கேன்னு கேப்பாங்க. வெளியூர் போயிருக்கார்னா, போன் போட்டுக் குடுன்னு கையைப் பிடிச்சுக்குவாங்க. அப்புறம் சொல்லித்தானே ஆகணும்? அப்பத்தான் கேள்விப்பட்ட மாதிரி விழுந்து அழுவாங்க. மறுநாள் அதுவும் மறந்துடும்."

"இல்லம்மா, நான் வந்து..."

"பத்து தடவை சொல்லிட்டேன் அக்கா. இனிமே என்னால முடியாதுன்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

பென் டிரைவை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள்.

"நேத்து பதினோராவது தடவை."