உட்கார்ந்த இடத்திலிருந்தே

"மூணு மணிக்கு ஏலம். அதுக்குள்ள மெஷின் ஒழுங்கா ஓடலைன்னா ஹுப்ளிக்காரனை வரச் சொல்லிடுவேன் மாராயா. உன் சங்காத்தமே வேண்டாம்" என்றார் கஜானன ஹெக்டே.

கர்நாடகத்துச் சிர்சியில் பாக்கு விவசாயிகள் சங்கத் தலைவர் அவர். யாரைக் கண்டாலும் 'மாராயா'தான். மாடிப்படி ஏறி, சுப்ராயனின் கம்ப்யூட்டர் கடைக்கே வந்து சொல்கிறார் என்றால் கோபம் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சங்கத்துக் கம்ப்யூட்டரைப் பராமரிக்கும் ஒப்பந்தம் போய்விட்டால் சுப்ராயன் வீட்டில் அடுப்பு எரியாது.

"உட்காருங்க ஹெக்டேரே. அந்த மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. இங்கேருந்தே போன்ல சரி பண்றேன், பாருங்க. நான் எழுந்திரிக்கக்கூட வேண்டாம்."

"காலையிலேருந்து ஆமை மாதிரி நகருது. ஒரு விலை வந்து சேர்றதுக்குள்ள வியாபாரி வெத்தலை போட்டுத் துப்பிட்டு வந்துடறான். விவசாயி எல்லாம் மூட்டையோட என் வாசல்லதான் உட்கார்ந்திருக்கான்."

புது மெஷின் வாங்கலாம்தான். ஏலத்து மென்பொருள் அந்தப் பழசில் மட்டும்தான் ஓடும். அதனால் அதைச் சாமி மாதிரி ஓர் அறையில் வைத்துக் காப்பாற்றி வந்தார்கள்.

கோளாறு என்னவென்று சுப்ராயனுக்கு நன்றாகவே தெரியும். போன வாரம் நெட்வொர்க்குக்குப் புது ஸ்விட்ச் மாட்டியபோது, வேகம் பிய்த்துக்கொண்டு போகட்டும் என்று நெட்வொர்க் கார்டை 'ஃபுல்'லில் வைத்தவன் அவனேதான். கிழட்டு கார்டும் புது ஸ்விட்ச்சும் மாமியார் மருமகளாக முட்டிக்கொண்டு நிற்கின்றன. 'ஆட்டோ' என்று மாற்றினால் போதும், இரண்டும் தாமாகவே பேசி ஒத்துப்போகும். அரை நிமிஷ வேலை.

ஆனால் 'நான் வைத்த ஃபுல்லை மாற்று' என்று ஹெக்டேயின் காதுபடச் சொல்ல முடியுமா? சொன்னால் அத்தோடு தொலைந்தான்.

சங்கத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் நாகவேணிக்குப் போன் போட்டான். ஹெக்டேயும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான்.

"நாகவேணி, நான் சுப்ராயன். மெஷின் எப்படி இருக்கு?"

"ஐயோ அண்ணா, அழுகையா வருது! எல்லாரும் என்னையே பிடிச்சுத் திட்டறாங்க."

"அழாதே. நான் சொல்றதை மட்டும் செய். முதல்ல எல்லாத்தையும் மூடு."

"ம்."

"அந்த... இருக்கு பாரு, அதை எடுத்துட்டு ஆட்டோல போடு. அவ்வளவுதான்."



"ஆட்டோலயா அண்ணா?"

"ஆட்டோலதான். சும்மா சும்மா கேக்காதே, நேரம் ஆகுது."

"இல்லண்ணா, பிரசிடெண்டைக் கேக்காம எப்படிப் போடறது? அப்புறம் அவர் கத்துவாரு."

ஹெக்டேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன் பக்கம் குனிந்தார். "இங்கதான்மா இருக்கேன். நான் எதுக்குக் கத்தறேன்? சுப்ராயன் சொன்னபடி போடு."

"சரிங்க ஐயா, இதோ போடறேன்!" என்று போனை வைத்தாள்.

சுப்ராயன் டீயும் சூடாக மிளகாய் பஜ்ஜியும் வரவழைத்தான். ஹெக்டே வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூன்று பஜ்ஜி சாப்பிட்டார். டீயைக் குடித்து முடித்ததும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். சுப்ராயன் மறுபடி போனை எடுத்தான்.

"என்னம்மா, போட்டாச்சா?"

"போட்டாச்சுண்ணா!" குரலில் இப்போது தெம்பு வந்திருந்தது.

"எப்படிப் போகுது?"

"ஜோரா போகுதுண்ணா!"

சுப்ராயன் ஹெக்டேயைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அதோடு விட்டிருக்கலாம். விடுவானா?

"நூறைத் தொடுதா?"

"ஐயோ, நூறா? நாப்பதுகூடத் தாண்டலண்ணா. ட்ராஃபிக் ஜாஸ்தி."

"ஏல நேரம் பாரு, ட்ராஃபிக் இருக்கத்தான் செய்யும். அந்தக் கிழத்துக்கு நாப்பதே பெரிசு."

"அப்படித்தான் அவரும் சொல்றார்ணா" என்றாள் நாகவேணி. பின்னால் ஹார்ன் அடித்ததில் மீதி கேட்கவில்லை. சங்கத்து வாசலில் லாரிகளுக்கு என்றைக்குக் குறைச்சல்?

"நாப்பதா!" ஹெக்டே வாயைப் பிளந்தார். "காலையில ரெண்டைத் தாண்டலைன்னாளே! பலே ஆள்தான் நீ. ஹுப்ளிக்காரனா இருந்தா இந்நேரம் மெஷினைப் பிரிச்சுப் பரப்பிட்டு, அது போச்சு இது போச்சுன்னு உதட்டைப் பிதுக்கியிருப்பான்."

"அனுபவம்தான் ஹெக்டேரே" என்றான் சுப்ராயன் பணிவாக. வெட்கமே இல்லாமல்தான் சொன்னான்.

"இந்த வருஷமும் நீயே பார்த்துக்கோ. கமிட்டிக்கு நான் சொல்லிக்கறேன்." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார் ஹெக்டே. "வா, நீயும் வந்து ஏலத்தைப் பாரு. இன்னும் கால் மணிதான் இருக்கு."

சுப்ராயனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கடைச் சாவியைத் தேடினான்.

அப்போது மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஏறிவரும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றவள் நாகவேணி. தலைவரைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டாள். முகத்தில், சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்துவிட்ட பெருமை.

"இங்க எதுக்கும்மா வந்தே?" ஹெக்டே பதறிப்போனார். "அங்க மெஷின்கிட்ட யாரு இருக்கா?"

"ஆட்டோ கீழதான் நிக்குது ஐயா, மெஷினை எங்க இறக்கச் சொல்ல?"