பெண் கேட்க வந்தவனின் குதிரை

ஹங்கேரியின் அந்தச் சின்னக் குதிரைப்பண்ணை ஊரில், பெண் கேட்டு வருபவனை விட்டுவிட்டு அவன் குதிரையைத்தான் முதலில் பார்ப்பார்கள். அம்ப்ரூஷ் தன் சாம்பல் நிறப் பெண்குதிரையைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்துக் கூட்டி வந்திருந்தான்.

"மாப்பிள்ளையைவிடக் குதிரை லட்சணமா இருக்கே!" என்று வேலியோரம் நின்றவர்கள் கேலி செய்தார்கள். அவன் பெண் கேட்டு வந்திருந்த போர்பாலாவின் அப்பா அதன் பல்லையும் குளம்பையும் பார்த்து முடித்தார்.

"நல்லா வச்சிருக்கீங்க, தம்பி."

போர்பாலா வாசலுக்கு வந்தாள். அவளுக்கு மரியாதையாகத் தொப்பியை எடுக்க அம்ப்ரூஷ் கையை உயர்த்தினான். உடனே குதிரை காதுகளைப் பின்னுக்கு மடித்து, கண்களை இறுக மூடி, தலையை ஒதுக்கிக்கொண்டது.

வேலியோரத்துச் சிரிப்பு நின்றுபோனது. அப்பா தன் கையை அதன் முன் உயர்த்திப் பார்த்தார். அந்தக் கைக்குக் குதிரை மிரளவில்லை.

"ஈ ஏதாச்சும் கடிச்சிருக்கும்," என்றான் அம்ப்ரூஷ். அவனுக்கு முகமெல்லாம் எரிந்தது. கையை இறக்கினால் அது மறுபடியும் ஒதுங்கிவிடுமோ என்று பயந்து அப்படியே நின்றான்.

போர்பாலா படியிறங்கி வந்து அவனுக்கும் குதிரைக்கும் நடுவில் நின்றாள். அவன் கை இப்போது அவள் தலைக்கு மேல் இருந்தது.