சாக மறுத்த தட்டுகள்

“கையை நீட்டுங்க. எல்லாரும்,” என்றேன், ஏதோ பெரிய போலீஸ்காரன் மாதிரி.

இருட்டறையின் கதவைச் சாத்தி விளக்கை அணைத்திருந்தேன். வரிசையில் மூன்று பேர்: இயக்குநர், நான் மனசுக்குள் மீசை என்று பெயர் வைத்திருக்கும் சக ஆய்வாளர், சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் என் மனைவி. எங்கள் ஈஸ்ட் ஆய்வகத்தின் மக்கள்தொகை அவ்வளவுதான், என்னையும் ஈஸ்டையும் கணக்கில் சேர்க்காவிட்டால்.

புற ஊதா டார்ச்சைப் போட்டேன். மூவரும் பேய்கள் போல நீலமாக எரிந்தார்கள்.

“அப்ப மூணு பேருமே திருடங்களா?” என்றார் மீசை.

சலவைத் தூள். கோட்டு பளிச்சென்று இருக்க அதில் கலப்பதும், நான் பொறியாக வைத்த சாயமும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். இத்தனை வருடம் அந்தச் சாயத்தோடு குப்பை கொட்டியவனுக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். கோட்டைக் கழற்றச் சொன்னேன். நான் மட்டும் கறுப்பு ஸ்வெட்டரில், விஷயம் தெரிந்தவன் போல நின்றேன்.

அந்தச் சாயம் ஈஸ்ட் செல்லின் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒளிரும். சுவர் எங்கே தடித்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். நேற்று மாலை அதைக் கிளிசரினில் குழைத்து, ஈஸ்ட் வளர்க்கும் என் கண்ணாடித் தட்டுகளின் மூடிகளில் தடவிவைத்தேன். தொட்டவர் கை ஒளிரும். யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

நல்ல ஈஸ்டுக்குச் சுவரில் லேசாக விரிசல் கண்டாலும் போதும், காவலுக்கு நிற்கும் புரதங்கள் உள்ளே சேதி அனுப்பும், கொத்து வேலை தொடங்கிவிடும். என் ஈஸ்டில் அந்தச் சேதி போகும் வழி அறுந்திருக்கிறது. சூட்டுப்பெட்டியில் வைத்தால் சுவர் தாங்காமல் வெடித்துச் செத்துவிடும்.

சேதிக்கு வேறு வழி வெட்ட, பாதித் தட்டுகளில் உள்ள ஈஸ்டுக்கு மட்டும் ஒரு மரபணுவைச் சேர்த்தேன். அவை பிழைத்தால் என் வேலையும் பிழைக்கும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது.

பிழைத்தன.

ஆனால் எதுவும் சேர்க்காத மீதிப் பாதியும் பிழைத்தது. செத்தே ஆக வேண்டியவை. ஒருமுறை அல்ல, வைக்கும் ஒவ்வொரு முறையும் கொழுகொழுவென்று வளர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தன.

யாரோ கைவைக்கிறார்கள். வேறு யார், மீசைதான். என் ஜன்னலோர மேசையை அவர் பார்க்கும் பார்வை, வீடு வாங்க வந்தவர் சுவரைத் தட்டிப் பார்க்கும் பார்வை.

நானும் சும்மா இருக்கவில்லை. எது எந்தத் தட்டு என்று யாருக்கும் புரியக்கூடாதென்று பெயருக்குப் பதில் புள்ளிகள் வைத்தேன். சாக வேண்டிய பாதி என்று ஒன்று இருப்பதையே வெளியே விடவில்லை. மேசைக்குப் பூட்டு, பூட்டுக்கு உறை. “பேனா மூடிக்கும் ஒரு பூட்டு வாங்கிடுங்களேன்,” என்பாள் மனைவி.

அவளிடம் நான் சொன்னதெல்லாம், மரபணுவைச் சேர்ப்பதற்கு முன்னால், ராத்திரிச் சாப்பாட்டுப் புலம்பல்தான்: பக்கத்துப் பெட்டியில, மிதமான சூட்டுல எல்லாம் நல்லாத்தான் இருக்கு, இந்தப் பெட்டியில வச்சாத்தான் செத்துத் தொலையுது.

இன்று காலை கையுறையோடு தட்டுகளைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள்தான் வந்து தோளைத் தட்டினாள். “எல்லாமே பொழச்சிருக்கே, சந்தோஷமா இருங்களேன்.”

நேரே இயக்குநரிடம் போனேன். கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தால் அந்த ஆளை இன்றே வீட்டுக்கு அனுப்புவதாக அவர் வாக்குக் கொடுத்தார்.

இயக்குநரின் கை: சுத்தம்.

மீசையின் கை: சுத்தம். இரண்டு பக்கமும் பார்த்தேன். நகக்கண்ணையும் விடவில்லை.

மனைவியின் கை: சும்மா ஒப்புக்கு. தினமும் மாலை வாசல்வரை வந்த பிறகு, சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டேன் என்று திரும்பி உள்ளே ஓடுகிறவளை எதற்காகச் சந்தேகப்படுவது? அப்போதுதான் கழுவிய கை, ஈரமாக இருந்தது.

கழுவிவிட்டால் சாயம் போய்விடும் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மீசை என் கையிலிருந்து டார்ச்சை வாங்கினார். “எங்க கையெல்லாம் இருக்கட்டும். உங்க தோள்ல என்ன அது?”

கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

கறுப்புக் கம்பளியில் ஒரு கை நீலமாக ஒளிர்ந்தது. சின்னக் கை. ஒரு விரலின் அடியில் மட்டும் மெல்லிய இருட்டுக் கோடு. அந்த இடத்தில் மோதிரம் இருந்திருக்கிறது. நான் போட்டுவிட்ட மோதிரம்.

மாலையில் பக்கத்துப் பெட்டிக்கு, காலையில் மறுபடி சூட்டுக்கு. எந்தத் தட்டைக் காப்பாற்றினால் நான் பிழைப்பேன் என்று புள்ளிகளைப் பார்த்து அவளுக்குத் தெரிய வழியில்லை. எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்கிறாள்.

 

“என்னப்பா அது?” என்றார் இயக்குநர்.

“சுவர்ல சாஞ்சிருப்பேன் சார்.”

“சுவருக்கு அஞ்சு விரலா?”

“தட்டுங்களை நான்தான் பெட்டி மாத்தி வச்சிருக்கேன் சார். இப்பத்தான் ஞாபகம் வருது. இதுவரைக்கும் வந்த எதையும் எடுத்துக்காதீங்க. முதல்லேருந்து செய்யறேன்.”

“மாசம் முடியப் போகுது, தெரியும்ல?”

“தெரியும் சார்.”

மீசை அந்தக் கையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்தார். அந்த மனிதரை எனக்கு முதல்முறையாகப் பிடித்தது.

இருட்டில் அவள் நிற்கும் பக்கமாகத் திரும்பினேன்.

“இன்னிக்குச் சாப்பாட்டு டப்பாவை நான் எடுத்துக்கறேன்,” என்றேன்.