நடுங்காத கை

மட்டக்களப்பு வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மனுவேல் வீசிய வலை, காலை வெயிலில் வட்டமாக விரிந்து, ஈயக்குண்டுகள் சலசலக்க விழுகிறது. "பாத்தியா புள்ள! கை நடுங்கல்ல. இனி மீன் என்னைப் பாத்துச் சிரிக்காது!" என்று கரையில் நிற்கும் மனைவி செசீலியாவிடம் கத்துகிறான். அவள், பாவம், அந்தக் கையையே பார்க்கிறாள். மனச்சோர்வுக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசையால்தான் இவ்வளவு நாளும் அவன் நாக்கு வறண்டது, கை நடுங்கி வலை சுருண்டு விழுந்தது. போன மாரிமழைக் காலத்தில் சாகவென்று இதே வாவிக்குள் நடந்தவன், பிறகு சோறு தின்றதும் பிள்ளைகளோடு பேசியதும் அந்தக் குளிசையால்தான். "குளிசைய விட்டுட்டீங்களா?" என்கிறாள். மனுவேல் வலையை இழுத்தெடுக்கிறான். வலையோரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆழத்துப் பக்கம் நடக்கிறான். செசீலியா உடுத்த சேலையோடு தண்ணீரில் இறங்குகிறாள்.